எதிர்வீட்டில் கேட்காமல் வந்தது

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனோம், நானும் என் பேத்தி பிரின்சியும். கல்லூரி விழாவுக்கு அவளுக்குப் புடவை வேண்டுமாம். சுடிதாரைத் தவிர வேறொன்றும் உடுத்தாத பிள்ளை புடவை கேட்டால் சும்மா இருப்பேனா, திண்டிவனத்தில் பஸ் ஏறிக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக் கதவைத் தள்ளியதும் குப்பென்று ஒரு வாசனை. உள்ளே நுழையும் இடத்திலேயே கரண்டில் சுடும் ஒரு கிண்ணத்தை வைத்து ஏதோ கட்டையைப் புகைய விட்டிருந்தார்கள். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. படியிறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

"ஆயா, எங்க போய்க்கினு இருக்க? கடை இந்தப் பக்கம்."

"பொகை போட்டுட்டாங்களேடி. கெளம்பணும்."

"இன்னும் புடவையே பாக்கல. யாரு கெளம்பணும்?"

அவளுக்கு என்னவென்று சொல்வது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கொஞ்சம் சொன்னேன். வீட்டுக்கு வந்து மீதியைச் சொன்னேன். எனக்கு எழுதப் படிக்க வராது, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். இதெல்லாம் எழுதணுமா ஆயா என்று நடுநடுவே கேட்கிறாள். எழுது என்கிறேன்.

அந்தப் புகை வந்தால் எழுந்துகொள்ள வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது சவுதியில். கற்றுக்கொண்டது கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தில் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உங்களிடம் சொன்னாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

என் மகள் ஸ்டெல்லா நர்ஸ். கல்யாணமான அடுத்த வருஷமே சவுதியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அதே ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற இடத்தில் மருமகன் அருளுக்கும் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் இத்தனை வருஷமாகியும் என் வாயில் நுழையவில்லை. ரியாத்தில் இறங்கிக் காரில் ஐந்து மணி நேரம் போகவேண்டும், வழியெல்லாம் மண். ஒட்டகம் பார்க்கலாம் என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டே போனேன். ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன், அதுவும் லாரியில் உட்கார்ந்து எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்த ஊரில் நம்மைப் போன்றவர்கள் நடந்து போவதில்லை என்று.

மகளுக்குப் பிரசவம். அதற்காக மூன்று மாத விசாவில் போனேன், பிறகு அதை ஆறு மாதமாக்கினார்கள்.

நான் எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்றவள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சென்னை போகிற பஸ், திருச்சி போகிற பஸ், பாண்டிச்சேரி போகிற பஸ் எல்லாவற்றிலும் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவேன். போர்டு படிக்கத் தெரியாது, ஆனால் கண்டக்டரின் முகத்தைப் பார்த்தே பஸ் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் பேசிய வாய் இது. அந்த வாயைக் கொண்டுபோய் இரண்டு அறைகள் உள்ள ஒரு மாடி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

காலையில் அருள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். ஸ்டெல்லா வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளும் போய்விடுவாள். நான் மட்டும். ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கலாம் என்றால் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பெண்பிள்ளைகள் தெரியக்கூடாதாம். நான்காம் நாள் தாளின் ஓரத்தில் நகத்தால் சுரண்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை போட்டேன். அதில் ஒரு கண்ணை வைத்தால் தெருவும் எதிர்வீட்டு இரும்புக் கதவும் தெரியும். அருளுக்குத் தெரியாமல் இருக்க, அவர் வீட்டில் இருக்கும்போது அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருப்பேன்.

வெளியே போவது வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அப்போது அங்கே வியாழன், வெள்ளி லீவு. கறுப்பு அங்கியை மேலே போட்டுக்கொண்டு, அருள் முன்னால் போக, நாங்கள் பின்னால். அந்த அங்கி என் உயரத்துக்கு ஒரு சாண் அதிகம். மிதித்து மிதித்து நடந்ததில் தெருவைக் கூட்டிப் பெருக்கியவள் நானாகத்தான் இருப்பேன். போகிற நேரம் பார்த்துத் தொழுகைக்குக் கூப்பிடுவார்கள், கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிடுவார். நாங்கள் காருக்குள் உட்கார்ந்திருப்போம். ஷட்டர் திறக்கும், உள்ளே போவோம், பால்மாவு எங்கே என்று தேடுவோம், எடுத்து வரிசையில் நிற்போம், அடுத்த தொழுகைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு டின் பால்மாவுக்கு இரண்டு தடவை ஷட்டர் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்து சொன்னால் எவளும் நம்பவில்லை. ஓட்டலில் சாப்பிட்டாலும் குடும்பத்துக்கென்று தனி வாசல், தனிப் பெட்டி, சுற்றித் திரை. திரைக்கு வெளியே இருந்து ஒரு கை மட்டும் வந்து கோழியை வைத்துவிட்டுப் போகும். அந்தக் கைக்கு முகம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

"இங்க யாரும் யார் கூடயும் பேச மாட்டாங்களா மாப்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசுவாங்க அத்தை. அவங்கவங்க ஊட்டுக்குள்ள."

சரிதான் என்று என் ஓட்டைக்குத் திரும்பிப் போனேன்.

எதிர்வீட்டைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அந்த வீட்டம்மாவை உம்மு காலித் என்பார்கள். காலித் என்றால் மூத்த பையன், உம்மு என்றால் அம்மா. அங்கே பெண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. நம் பக்கமும் ஸ்டெல்லா அம்மா என்றுதானே கூப்பிடுகிறார்கள், எனக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ஸ்டெல்லாதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாளாம். அந்த நன்றிக்கு, எங்கள் வீட்டில் குழந்தை பிறந்ததும் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் அனுப்பி வைத்தார்கள். கொண்டுவந்தவள் அவர்கள் வீட்டில் வேலை செய்த ஃபரீதா. கதவைத் திறந்ததும் அவள், "சுகமா இரிக்கிறீங்களாம்மா?" என்றாள். இலங்கைக்காரி. மட்டக்களப்புப் பக்கம். வந்த ஒரு மாதத்தில் வெளியாள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அது. நான் அழுதுவிட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பிறந்த குழந்தைதான் இந்தப் பிரின்சி.

இரண்டு மாதத்தில் ஸ்டெல்லாவுக்கு லீவு முடிந்தது. வேலைக்குப் போனாள். குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு விசா இன்னும் மூன்று மாதம்தான். அதற்குப் பிறகு? இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் தெரியும். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் குழந்தையை நான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகளின் பிள்ளைகள் கேரளாவிலும் நாகர்கோவிலிலும் அம்மாவைப் பெற்ற ஆயாவிடம்தான் வளர்ந்தன. குழந்தை பிறந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடுவோம். ஆண்கள் கூடத்தில், நாங்கள் அடுப்படியில். அப்போது பெண்கள் பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டுவார்கள். இவன் மூணு வயசு ஆன்ட்டி, போன லீவுக்குப் போனப்ப என்னைப் பார்த்துப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருத்தி வெங்காயம் வெட்டப் போய்விடுவாள். ஸ்டெல்லா அந்தப் போட்டோக்களைக் கையில் வாங்கவே மாட்டாள்.

நான் என் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டில் பகல் முழுக்க ஆள் இருக்கிறது. ஏழு பிள்ளை பெற்ற தாய் இருக்கிறாள். தமிழ் பேசும் ஃபரீதா இருக்கிறாள். முப்பது அடி தூரம். ஸ்டெல்லா வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டு, திரும்பும்போது தூக்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. நானே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, அவர்கள் முடியாது என்றுவிட்டால், ஸ்டெல்லா முகத்தை எப்படிப் பார்ப்பது. வேலை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் கெட்டிக்காரத்தனம்.

"மாப்ள, அந்தம்மா பேரீச்சம்பழம் அனுப்பிச்சாங்களே. ஒரு தபா போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"போலாம் அத்தை. அவரு கிட்ட கேக்கணும். அபு காலித்கிட்ட, காலித்தோட அப்பா."

"நான் அந்தம்மாவத்தான பாக்கணும். அவரு எதுக்கு?"

"வழக்கம் அது. நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்டார், கேட்டார், மூன்று வாரம் கேட்டார். ஒருநாள் அபு காலித் ஊரில் இல்லையாம். ஒருநாள் இருந்தாராம், ஆனால் அவசரத்தில் இருந்தாராம். ஒருநாள் நேரில் பார்த்தும் கூச்சமாக இருந்ததாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் அங்கியை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுப் படியிறங்கிவிட்டேன். கேட்டைத் தாண்டும்போது அருளின் கார் வந்து நின்றது.

"அத்தை, என்ன இது? ஆம்பள தொணை இல்லாம ரோட்டுக்கு வந்தா எனக்குப் பேஜாரு ஆயிடும். ஏறுங்க மேல."

"முப்பது அடிப்பா."

"மூணு அடியா இருந்தாலும் அதான்."

மேலே ஏறினேன். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாருக்கு உப்புப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் நேரம் கிடைத்தது. நாலு மணித் தொழுகை முடிந்ததும் வரலாம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து சில நாள் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கன்னத்தில் மை வைத்து, வறுத்த மல்லாட்டையில் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடித்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். அருள் பக்கவாசல் வரைக்கும் வந்து மணியை அடித்துவிட்டு, பத்து அடி தள்ளிப்போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஃபரீதா கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா. ஏன் இவ்வளவு நாளா வரல்ல? மேடம் கேட்டுக்கிட்டே இரிக்கிறா."

"எங்க மாப்ள ஐயாகிட்ட கேக்கணும்னாரு."

"அதெல்லாம் எதுக்கும்மா? இந்த வாசலால பொம்பளைகள் நாள் முழுக்க வந்து போற. சும்மா வந்திரிக்கலாம்."

மூன்று வாரம். சும்மா வந்திருக்கலாமாம். ஒருவரும் தடுக்கவில்லை, எங்கள் மாப்பிள்ளையின் பயம்தான் தடுத்தது. இப்போது சொல்லும்போதும் பிரின்சி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே தரை முழுக்கக் கம்பளம், சுவரோரம் திண்டுகள். உம்மு காலித் என்னைவிடச் சின்னவள், நல்ல வாட்டசாட்டம். வந்ததும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளையும், இதோ எழுதிக்கொண்டிருக்கிறதே இதுதான், ஒரு அழுகை இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை, அவள் வளையலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. எனக்கு அப்போதே பாதி வேலை முடிந்தது போல இருந்தது.

காபி வந்தது. நம்ம காபி இல்லை. மஞ்சளாக, ஏலக்காய் வாசனையோடு, பாலும் சர்க்கரையும் இல்லாமல், காதில்லாத சின்னக் கோப்பையில். குடித்து முடித்தால் ஊற்றுகிறார்கள், முடித்தால் ஊற்றுகிறார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது கோப்பையில் ஃபரீதா என் காதோரம், "போதும்னா கோப்பையை இப்பிடி ஆட்டணும்மா" என்றாள். ஆட்டினேன். நின்றது. என் மல்லாட்டை உருண்டையை எல்லோரும் தின்றார்கள். உம்மு காலித் மூன்று தின்றாள். எத்தனை பிள்ளை, மழை பெய்யுமா, ஆடு மாடு உண்டா என்றெல்லாம் அவள் கேட்க, ஃபரீதா சொல்ல, நான் பதில் சொல்ல, பஸ் ஸ்டாண்டில் நான் கூவுகிற மாதிரி ஒரு தடவை கூவிக்கூடக் காட்டினேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் தொண்டை திறந்த நாள் அது.

வந்த காரியத்தை மட்டும் எடுக்கவில்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் உட்கார்ந்ததும் எனக்கு இது வேண்டும் என்று கேட்கிறோமா? எல்லாம் பேசி, குடிக்கக் கொடுத்ததைக் குடித்து, கிளம்புகிறேன் என்று எழுந்து, வாசல்வரை வந்து, செருப்பில் ஒரு கால் நுழைத்த பிறகுதான், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் என்று ஆரம்பிப்போம். அதுதான் வந்த விஷயமாக இருக்கும். பெண் கேட்பதும் அப்படித்தான், உதவி கேட்பதும் அப்படித்தான். நானும் செருப்புக்காகக் காத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் புகை வந்தது. உள்ளே தகடு வைத்த மரக் கிண்ணத்தில் தணல், மேலே ஒரு துண்டுக் கட்டை. உம்மு காலித் அதைத் தன் தலைத்துணிக்குள் காட்டி, கையில் காட்டி, என்னிடம் நீட்டினாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. சாம்பிராணி. பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் குளித்த தலையில் காட்டுவோமே, அதுதானே. சாம்பிராணி போடுகிறார்கள் என்றால் வீட்டு மனுஷியாக நினைத்துவிட்டார்கள், இனிமேல்தான் சாவகாசமாக உட்காரவேண்டும் என்று நினைத்தேன். கொண்டையை அவிழ்த்தேன். முடியை விரித்துப் புகையில் காட்டினேன். பிள்ளையை வாங்கி இரண்டு கையிலும் ஏந்தி, புகைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றினேன். தணல் அடங்கினபோது, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும்மா என்று ஃபரீதாவிடம் கேட்டேன். ஃபரீதா ஒரு மாதிரி பார்த்தாள். உம்மு காலித் என்னவோ சொன்னாள். ஃபரீதா இன்னொரு துண்டு கொண்டுவந்து போட்டாள். நான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன்.

அங்கே அந்தப் புகை வந்தால் வந்தவர்கள் எழுந்து போகவேண்டும். வந்ததற்குச் சந்தோஷம், போய் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியாது. நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னார்கள். அபு காலித் வேலை முடிந்து வந்துவிட்டார். கூடவே அவர் தம்பிகள் இரண்டு பேர். உள்ளே வேற்றுப் பெண் இருக்கும்போது வீட்டு ஆம்பளையே அந்த முற்றத்தில் கால் வைக்கமாட்டார். காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள், பின்சீட்டில் கறிப்பை. அருள் அவர்கள் கண்ணெதிரே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரால் கதவைத் தட்டவும் முடியாது, அவர்களிடம் போய்ப் பேசவும் முடியாது, போய்விடவும் முடியாது. வேர்த்து வேர்த்துச் சட்டை முதுகில் ஒட்டிவிட்டதாம்.

சாயங்காலத் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள். உம்மு காலித் எழுந்தாள். நானும் எழுந்தேன். சரி, வேளை வந்துவிட்டது என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பில் காலை வைத்துத் திரும்பினால், ஃபரீதாவைக் காணோம். ஆண்களுக்குச் சாப்பாடு சூடு பண்ண அடுப்படிக்கு ஓடிவிட்டாள். உம்மு காலித் என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. நான் பிள்ளையைக் காட்டினேன், அவளைக் காட்டினேன், என்ன காட்டி என்ன, வெளியே இருந்து அருளின் குரல்.

"அத்தை, ஜல்தி வாங்க. அத்தை."

வந்துவிட்டேன்.

அருள் எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார். உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கம்மா அந்த மனுஷனை ஒன்றரை மணி நேரம் ரோட்ல உக்கார வெச்சுட்டாங்க. அவரு ஊட்டுக்கு முன்னாலயே."

ஸ்டெல்லா என்னைக் கேட்டாள். "பகூர் காட்டினாங்களா இல்லியாம்மா?"

"சாம்பிராணி போட்டாங்க."

"அது போட்டா கெளம்பணும்மா. ஐயோ, உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும்."

அப்போதுதான் போன காரியத்தைச் சொன்னேன். சொன்னதும் ஸ்டெல்லா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அருள், "இன்னொரு தபா அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் அத்தை" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நீ போய்க் கேளேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஏழு பிள்ளைகளோடு அல்லாடுகிறவளிடம், அதுவும் இவ்வளவு நடந்த பிறகு, எந்த முகத்தோடு கேட்பது என்றாள். நானே திரும்பவும் பக்கவாசல் வழியாகப் போயிருக்கலாம். சும்மா வரலாம் என்று ஃபரீதா சொன்னாளே. போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேருக்கு நடுவே கூவியவளுக்கு அந்த முப்பது அடிக்கு வெட்கம் வந்துவிட்டது. ஒருநாள் ஓட்டை வழியாகப் பார்த்தபோது உம்மு காலித் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். நான் சட்டென்று பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன்.

விசா முடிந்தது. ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் ஸ்டெல்லா அழவில்லை. பாலை நிறுத்தியதில் பால் கட்டிக்கொண்டு மார்பெல்லாம் வலி, கையைத் தூக்க முடியாமல் ஒரு கையாலேயே எனக்கு டாட்டா காட்டினாள். சென்னையில் இறங்கும்வரை பிள்ளை என் கழுத்துப்பக்கம் முகத்தை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு மாதம் ஸ்டெல்லா வருவாள். முதல் வருஷம் வந்தபோது பிரின்சி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஸ்டெல்லா சிரித்துவிட்டு, வெங்காயம் வெட்டட்டுமாம்மா என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் இது என்னுடைய தப்பு என்றே இருந்தேன். புகை தெரியாமல் உட்கார்ந்த தப்பு. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போன மாதம் ஸ்டெல்லா போனில் ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு முட்டிவலி என்று ஒரு வயசான அம்மா வந்தார்களாம். உம்மு காலித். எந்த ஊருக்கோ குடிபோய், மகனோடு அங்கே வைத்தியத்துக்கு வந்திருக்கிறார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, முதலில் என்னைத்தான் கேட்டார்களாம். பிறகு குழந்தையை. ஊரில் அம்மாவிடம் வளர்ந்தாள் என்று ஸ்டெல்லா சொன்னதும், அந்த அம்மா தன் தொடையில் அடித்துக்கொண்டார்களாம்.

"என்னாம்மா சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றேன்.

"பகூர் காட்டின அப்புறமும் ஒருத்தி எந்திரிக்கலன்னா அவளுக்கு ஏதோ தேவை இருக்குன்னு அர்த்தம், அதனாலதான் நான் இன்னொரு துண்டு போடச் சொன்னேன்னாங்க. ஊட்டுக்காரருக்கும் ஆள் அனுப்பி, உள்ள வராதீங்க, இந்தம்மா ஏதோ கேக்க வந்திருக்குன்னு சொல்லிட்டாங்களாம். அவரும் சரி இருக்கட்டும்னுதான் கார்ல உக்காந்திருக்காரு. கோவமே இல்லியாம் அவருக்கு."

"அப்போ என்ன வேணும்னு அவங்களே கேக்கறதுதானே?"

"நானும் அதான் கேட்டேன். வந்தவங்களை என்ன வேணும்னு கேட்டா எழுப்பிவிடற மாதிரி ஆயிடும், அவளே சொல்லட்டும்னு பாத்துக்கினே இருந்தேன், வாசல்ல கையப் புடிச்சிக்கினும் பாத்தேன், சொல்லவே இல்லியேன்னாங்க. குழந்தைய விட்டுட்டுப் போறேன்னு அவ சொல்லியிருந்தா ஏழோட எட்டா வளந்திருக்கும்னாங்கம்மா."

மரியாதை. அவளும் மரியாதைக்குக் கேட்கவில்லை, நானும் மரியாதைக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் காட்டுவது, சொல்லுங்கள். பிரின்சியிடம் சொன்னால், "அப்போ நான் அரபி பேசிக்கினு இருந்திருப்பேன் ஆயா, நீ பஸ் ஸ்டாண்ட்ல தனியா இருந்திருப்ப" என்கிறாள். அவள் எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள். ஆனால் ஸ்டெல்லாவுக்கு ஆறுதல் சொல்ல யாரும் இல்லை.

இப்போது அந்த ஊரே வேறு என்கிறாள் ஸ்டெல்லா. ஓட்டலில் திரை இல்லையாம், தொழுகை நேரத்திலும் கடை திறந்திருக்கிறதாம், பெண்பிள்ளைகளே கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறார்களாம். ஸ்டெல்லாவே கார் ஓட்டுகிறாள். அருள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மெதுவா போ, மெதுவா போ என்று சொல்லிக்கொண்டு வருவாராம். நாங்கள் இருந்த மாடி வீடும் எதிர்வீடும் அந்தத் தெருவும் இடிபட்டுப் பெரிய ரோடாகிவிட்டது என்றாள்.

"அந்தம்மா ஊடு இருந்த எடத்துல இப்ப என்னாம்மா இருக்குது?"

"சிக்னல்மா. டூட்டிக்குப் போறப்ப அங்கதான் செவப்பு வுழும்."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"ஒரு நிமிஷம். ரொம்ப நேரமா இருக்கும்மா அது."